'ஒரிஜினல்தான், பில் மட்டும் இல்ல': பாலக்காடு, இடுக்கி எல்லையில் விலையுயர்ந்த வாட்ச் வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன?

தங்கத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் இந்தியச் சட்டத்தில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு, கடத்தல் பொருள் என்ற நியாயமான சந்தேகத்தில் ஒரு பொருளை அதிகாரிகள் பறிமுதல் செய்தால், 'இது கடத்தல் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பை அதை வைத்திருந்தவர் மீதே போடுகிறது. எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் பொருள்கள் இரண்டு: ஒன்று தங்கம், இன்னொன்று வாட்ச். அரசு தனியாக அறிவிக்கும் பொருள்கள் இந்தப் பட்டியலில் பிறகு சேரும்.

அதாவது, மற்ற பொருள்களில் 'நீ தப்பு செய்தாய்' என்று அரசு காட்ட வேண்டும். தங்கத்திலும் வாட்சிலும் 'நான் தப்பு செய்யவில்லை' என்று நீங்கள் காட்ட வேண்டும். எதைக் காட்டுவீர்கள்? பில்லைத்தான்.

"ஒரிஜினல் பீஸ்தாங்க, துபாய்ல இருந்து வந்தது. ஷோரூம் விலைய விட ஒரு லட்சம் கம்மி. பாக்ஸ் இருக்கு, கார்டு இருக்கு, பில் மட்டும் இல்ல" என்று யாராவது சொன்னால், அந்தக் கடைசி மூன்று சொற்களில்தான் விஷயமே இருக்கிறது.

இது ஏன் எல்லைப் பகுதிக்கு முக்கியம்?

வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு கோவையும் பொள்ளாச்சியும்தான் கடைவீதி. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு பக்கம் இருப்பவர்கள் கம்பத்துக்கும் தேனிக்கும் இறங்குவார்கள். மறையூர்க்காரர்கள் உடுமலைக்கு வருவார்கள். பெரிய வாட்ச் என்றால் கோவை அல்லது கொச்சி.

இதோடு வளைகுடா தொடர்பும் சேர்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும், குடும்பத்தில் ஒருவராவது துபாய், ஷார்ஜா, தோஹா என்று இருப்பார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கையில் ஒரு நல்ல வாட்ச் கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஏலக்காய் விலை நன்றாக இருந்த வருஷம் தனக்கென ஒன்று வாங்க நினைப்பவர்களும் உண்டு. ஒரு காலத்தில் 'ஃபாரின் வாட்ச்' என்றாலே ரேடோ, சீக்கோ. இப்போது டிஸ்ஸாட், லாஞ்சின்ஸ், ஒமேகா, ரோலக்ஸ் என்று ஆசை மேலே போயிருக்கிறது. விலையும் ஆயிரங்களில் இருந்து லட்சங்களுக்குப் போயிருக்கிறது.

ஷோரூம், கடைவீதியில் தெரிந்த வியாபாரி, வளைகுடா உறவினர், ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் என்று நான்கு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் எது சரி என்ற குழப்பமும் இங்கே அதிகம்.

முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்வோம்

ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட டீலர். வாட்ச் நிறுவனமே ஒப்பந்தம் போட்டு விற்கச் சொன்ன கடை. வாரண்டி கார்டில் அந்தக் கடையின் பெயரும் விற்ற தேதியும் பதியும். நிறுவனத்தின் இணையதளத்தில் இந்தக் கடைகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத கடை, போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அங்கீகரிக்கப்பட்ட டீலர் அல்ல. ஒரு கடை ஒரு பிராண்டுக்கு டீலராக இருந்து, பக்கத்து அலமாரியில் இருக்கும் இன்னொரு பிராண்டுக்கு டீலராக இல்லாமலும் இருக்கலாம். அதனால் கடையைப் பார்க்காமல் பிராண்டைப் பார்த்துத் தேடுங்கள்.

இரண்டு, கிரே மார்க்கெட். வாட்ச் அசல்தான். ஆனால் நிறுவனம் நியமிக்காத வழியில் வந்தது. ஹாங்காங்கிலோ துபாயிலோ ஒரு டீலரிடம் விற்காமல் தங்கிய சரக்கை, ஒரு வியாபாரி மொத்தமாகத் தள்ளுபடியில் வாங்கி வேறு நாட்டில் விற்பார். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை என்பதால் 'கிரே'.

மூன்று, போலி. நம் ஊர் பாஷையில் 'ஃபர்ஸ்ட் காப்பி'. இது தனிக் கதை. பெயரை எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அது டூப்ளிகேட்தான்.

பலர் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். "வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட காட்டினேன், அசல்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் மெஷின் அசலா என்பது ஒரு கேள்வி. அது இந்தியாவுக்குள் வரி கட்டி வந்ததா என்பது வேறு கேள்வி. பின்பக்க மூடியைத் திறந்து பார்த்து இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

விலை ஏன் குறைகிறது?

ஒரு சின்னக் கணக்கு. வெளிநாட்டு வாட்ச்களுக்கான சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல கூடுதல் கட்டணம். பிறகு எல்லாவற்றின் மீதும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இறக்குமதி மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20,000. கூடுதல் கட்டணம் 2,000. இப்போது 1,22,000. இதன் மேல் 18 சதவீதம், அதாவது 21,960. ஆக மொத்தம் 1,43,960 ரூபாய். கடைக்காரர் லாபம் இதில் சேரவில்லை. ஒரு லட்சம் ரூபாய் சரக்குக்கு ஏறத்தாழ 44,000 ரூபாய் வரி.

இப்போது ஒரு வியாபாரி ஷோரூமைவிடக் குறைத்துக் கொடுக்கிறார் என்றால், அந்தக் குறைவு மூன்று இடங்களில் இருந்து வரலாம். வெளிநாட்டு டீலர் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்திருக்கலாம். இவர் தன் லாபத்தைக் குறைத்திருக்கலாம். இந்த இரண்டும் நேர்மையான வழி. மூன்றாவது, அந்த 44,000 கட்டப்படாமலே போயிருக்கலாம். 'குருவி' எனப்படும் ஆட்கள் கையில் கட்டியோ பையில் போட்டோ விமானத்தில் கொண்டுவந்ததாக இருக்கலாம்.

வாட்சைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. ஆனால் விலை ஓரளவு சொல்லும். கொஞ்சம் குறைவு என்றால் நியாயமான காரணம் இருக்கலாம். நன்றாக விற்கும் மாடலை, புத்தம் புதிதாக, மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஒருவர் தருகிறார் என்றால், அவர் எதைக் கட்டாமல் விட்டார் என்று யோசிக்க வேண்டும்.

எல்லை தாண்டி வாங்கினால் வரி குறையுமா?

குறையாது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு இரு மாநிலங்களிலும் வாட் வரி வேறு வேறாக இருந்தது. வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதும் அதற்காகத்தான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. கைக்கடிகாரங்கள் முதலில் 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்தன. 2017 நவம்பரில் 18 சதவீதத்துக்கு இறக்கப்பட்டன. கோவையிலும் 18, பாலக்காட்டிலும் 18, கொச்சியிலும் 18.

ஆகவே "தமிழ்நாட்டு பில், அதனால கம்மி" என்று கேரளத்திலோ, "கேரளா பில்" என்று இங்கேயோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும். கேரளக் கடை என்றால் 32. கோவையில் நின்றுகொண்டு கொடுக்கும் பில்லில் வேறு எண் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் கடையின் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

கிரே மார்க்கெட்டில் வாங்குவது குற்றமா?

இல்லை. இங்கே பலருக்குத் தேவையில்லாத பயமும் இருக்கிறது.

2012 அக்டோபர் 3-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கபில் வாத்வா என்ற வியாபாரிக்கும் சாம்சங் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. வெளிநாட்டில் முறைப்படி விற்பனையான அசல் பொருளை, நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒருவர் இறக்குமதி செய்து இந்தியாவில் விற்பது வர்த்தக முத்திரைச் சட்டத்தை மீறுவதாகாது என்றது. கூடவே ஒரு நிபந்தனை: 'இது இறக்குமதி செய்யப்பட்ட பொருள், இதற்கு நிறுவனத்தின் வாரண்டியும் சர்வீஸும் கிடையாது, நாங்களே பொறுப்பு' என்று கடையில் தெளிவாகத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். அந்த வழக்கு பிரிண்டரைப் பற்றியது. ஆனால் சொன்ன தத்துவம் வாட்சுக்கும் பொருந்தக்கூடியது.

ஆக, வரி கட்டி, பில் போட்டு, 'கம்பெனி வாரண்டி இல்லை, கடை வாரண்டிதான்' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவர் தவறு செய்யவில்லை. அவரிடம் வாங்கும் நீங்களும் தவறு செய்யவில்லை.

ஷோரூம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. ரோலக்ஸின் சில மாடல்களைக் கேட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதச் சொல்வார்கள். எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. அந்த மாதிரி மாடல்களில் கிரே மார்க்கெட் விலை ஷோரூமைவிட அதிகமாகவே இருக்கும். அங்கே மக்கள் கூடுதலாகக் கொடுப்பது காத்திருக்காமல் வாங்குவதற்கு. வேறு சில பிராண்டுகளுக்கு இந்தியாவில் ஷோரூமே இருக்காது. அதனால் 'அங்கீகரிக்கப்பட்ட டீலர் நல்லவர், மற்றவர் எல்லாம் திருடர்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பிரிக்க வேண்டிய கோடு வேறு: கணக்கில் வந்த வாட்ச், கணக்கில் வராத வாட்ச்.

கணக்கில் வராத வாட்ச் என்ன செய்யும்?

2022 அக்டோபரில் டெல்லி விமான நிலையத்தில், துபாயில் இருந்து வந்த ஒரு பயணியிடம் ஏழு வாட்ச்களைச் சுங்கத்துறை பிடித்தது. வைரம் பதித்த ஜேக்கப் அண்ட் கோ வாட்ச் ஒன்றின் மதிப்பு மட்டும் சுமார் 27 கோடி ரூபாய்.

2024 பிப்ரவரியில் சென்னை விமான நிலையம். ஒரு படேக் ஃபிலிப், ஒரு பிரெகே. இரண்டும் சேர்ந்து சுமார் 1.73 கோடி ரூபாய். படேக் ஃபிலிப் நிறுவனத்துக்கு இந்தியாவில் டீலரே இல்லை என்று சுங்கத்துறை குறிப்பிட்டதாக அப்போது செய்திகள் வெளியாகின. அந்த விசாரணை கொண்டுவந்தவரோடு நிற்கவில்லை. யாருக்காக வந்தது, பணம் எப்படிப் போனது என்ற கேள்விக்கும் போனது.

"அதெல்லாம் கோடீஸ்வரர் சமாச்சாரம், ரெண்டு லட்சம் வாட்சுக்கு யார் வரப்போறா?" என்று தோன்றும். உண்மைதான். வாளையாறில் பஸ்ஸை நிறுத்தி உங்கள் மணிக்கட்டைப் பார்த்து யாரும் பில் கேட்கப்போவதில்லை. ஆனால் வியாபாரி பிடிபடும்போது அவருடைய செல்போனில் வாங்கியவர்களின் பெயரும் சாட்டும் இருக்கும். அங்கிருந்து உங்களுக்கு ஒரு சம்மன் வந்தால், 123-வது பிரிவு உங்கள் பக்கம் திரும்பும். கடத்தல் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கு அபராதம் போட 112-வது பிரிவில் இடமுண்டு. வாட்ச் கையை விட்டுப் போகலாம். சில வழக்குகளில் 125-வது பிரிவின்படி மீட்புத் தொகை கட்டித் திரும்பப் பெறலாம். கொடுத்த தள்ளுபடி எல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

இவ்வளவு தூரம் போகாவிட்டாலும் அன்றாடச் சிக்கல்கள் உண்டு. வீட்டில் திருட்டு நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது பில். அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குபவர் கேட்பது பில். அதே வாட்சைக் கட்டிக்கொண்டு வளைகுடா போய்த் திரும்பும்போது, "இது இங்கே வாங்கியதுதான்" என்று சொல்ல வேண்டியதும் பில்லை வைத்துத்தான்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்தால்?

இதுதான் எல்லையோரக் குடும்பங்களில் அதிகம் நடப்பது. கோவைக்கு ஷார்ஜா விமானம், கொச்சிக்கு வளைகுடா முழுவதும் இருந்து விமானங்கள். "கையில கட்டிட்டு வந்துடு, யார் கேட்கப் போறா" என்று சொல்வது சுலபம்.

வெளிநாட்டில் இருந்து வருபவர் குறிப்பிட்ட மதிப்பு வரை பொருள்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். 2016-ம் ஆண்டு பேகேஜ் விதிகள் இதைப் பெரும்பாலான பயணிகளுக்கு 50,000 ரூபாய் என்று வைத்தன. இந்த வரம்பை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், கிளம்பும் முன் சுங்கத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வரம்புக்கு மேல் போகும் மதிப்புக்கு 35 சதவீதம் வரி, அதன் மேல் கூடுதல் கட்டணம் சேர்ந்து 38.5 சதவீதம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் கணக்கு.

உதாரணத்துக்கு 3 லட்சம் ரூபாய் வாட்ச். 2016 விதிகளின் வரம்பான 50,000 கழித்தால் 2,50,000. அதில் 38.5 சதவீதம் 96,250 ரூபாய். துபாயில் வாங்கும் விலையோடு இதைச் சேர்த்து, கோவை ஷோரூம் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'துபாய்ல சல்லிசு' என்பது பல மாடல்களில் இந்தக் கணக்கில் காணாமல் போய்விடும்.

ஆனாலும் அங்கேதான் வாங்க வேண்டும் என்றால், அண்ணன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பச்சை வழியில் நடக்காமல் சிவப்பு வழியில் போய், வாட்சைக் காட்டி, வரி கட்டி, ரசீது வாங்குவது. அரசின் 'அதிதி' செயலியில் முன்கூட்டியே விவரம் பதியவும் வழி இருக்கிறது. துபாய் கடை பில்லும் இந்தச் சுங்க ரசீதும் சேர்ந்தால், அது ஷோரூம் பில்லுக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. நாளைக்கு யார் கேட்டாலும் காட்டலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு விஷயம். இங்கே வாங்கிய விலையுயர்ந்த வாட்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் 'ஏற்றுமதிச் சான்று' வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தமிழ்நாட்டில் வாட்ச் பில் என்றதும் எல்லோருக்கும் ஒரு விவகாரம் நினைவுக்கு வரும். 2022 டிசம்பரில், அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் 'ரஃபேல்' வாட்ச்சுக்கு பில் எங்கே என்று அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார். உலகில் 500 மட்டுமே தயாரான மாடல் அது. 2023 ஏப்ரல் 14-ல் அண்ணாமலை ஆவணங்களை வெளியிட்டு, 2021 மே மாதம் ஒரு தனிநபரிடம் இருந்து 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார். அதாவது, அது இரண்டாம் கை வாங்கியது.

அரசியலை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாட்சுக்கு ஒரு பில் போதாது, இரண்டு வேண்டும். முதல் உரிமையாளர் கடையில் வாங்கிய பில் ஒன்று. அவர் உங்களுக்கு விற்றதற்கான எழுத்து ஒன்று. அந்த எழுத்தில் மாடல் எண், சீரியல் எண், விலை, தேதி, இருவரின் பெயர், முகவரி, கையெழுத்து இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரர்தானே, எழுத்து எதுக்கு" என்று கூச்சப்பட வேண்டாம். தெரிந்தவர் என்றால் எழுதித் தருவதில் அவருக்குத்தான் என்ன சங்கடம்?

பழைய வாட்ச் விற்பதற்கென்றே பதிவு பெற்ற நிறுவனங்களும் இப்போது இருக்கின்றன. ஈத்தோஸ் நிறுவனம் 'செகண்ட் மூவ்மென்ட்' என்ற பெயரில் நடத்துகிறது. ரோலக்ஸே 2022 டிசம்பரில் தன் டீலர்கள் மூலம் சான்றளித்த பழைய வாட்ச்களை விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. பழைய பொருள் வியாபாரிகள் முழு விலைக்கு ஜிஎஸ்டி போடாமல் தங்கள் லாபத்துக்கு மட்டும் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே அங்கே பில்லில் முழு 18 சதவீதம் தெரியவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம்.

திருட்டு வாட்ச் என்ற ஆபத்தும் உண்டு. சீரியல் எண்ணை வைத்துத் தேட, லண்டனில் இருந்து செயல்படும் 'தி வாட்ச் ரெஜிஸ்டர்' போன்ற கட்டணச் சேவைகள் உள்ளன. பல லட்சம் போடுபவர்களுக்கு அது வீண் செலவு இல்லை.

வாரண்டி இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

ரோலக்ஸ், ஒமேகா இரண்டும் ஐந்து வருஷ வாரண்டி தருகின்றன. இது ஷோரூமில் தேதி பதியும் நாளில் இருந்து தொடங்கும். கிரே மார்க்கெட் வாட்சில் கார்டு இருக்கலாம். ஆனால் அதில் ஹாங்காங் கடையின் பெயரும் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியும் இருக்கலாம். அப்படியானால் எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. கார்டே இல்லை என்றால் 'கடை வாரண்டி' மட்டும்தான். கடை இருக்கும் வரைதான் அதுவும்.

ஆட்டோமேட்டிக் வாட்சில் இது பெரிய விஷயம். சில வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். அசல் உதிரி பாகம் பல பிராண்டுகளில் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் கிடைக்கும். ஆகவே வாங்கும் முன்பே, கடைக்காரரிடம் கேட்காமல், நேரடியாக சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, "இந்த மாடலை வேறு வழியில் வாங்கினால் காசு கொடுத்து சர்வீஸ் செய்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும்.

விலை இன்னும் குறையுமா?

ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் கூட்டமைப்பான எஃப்டாவுடன் இந்தியா 2024 மார்ச் 10-ல் வர்த்தக ஒப்பந்தம் போட்டது. 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஸ்விஸ் வாட்ச்கள் மீதான சுங்க வரியைப் படிப்படியாக, சில ஆண்டுகளில் நீக்குவதும் இதில் அடக்கம். ஜிஎஸ்டி 18 சதவீதம் அப்படியே இருக்கும். வரி குறைந்தாலும், தங்கத்தின் விலையும் பிராங்க் மதிப்பும் ஏறினால் நிறுவனங்கள் விலையை ஏற்றும். ஆகவே நாளையே பாதி விலை ஆகிவிடாது. ஆனால் ஒன்று நிச்சயம்: வரி குறையக் குறைய, வரி கட்டாத சரக்கின் 'லாபம்' சுருங்கும். அதற்காக எடுக்கும் ஆபத்துக்கு அர்த்தம் குறைந்துகொண்டே போகிறது. அவசரம் இல்லாதவர்கள் பொறுத்திருந்து வாங்குவதிலும் தவறில்லை.

பணம் கொடுக்கும்போது

ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவருக்குத்தான். ஆனால் "கேஷ்னா இந்த விலை, கார்டுனா அந்த விலை" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அந்த விற்பனை அவருடைய கணக்கில் ஏறப்போவதில்லை என்று அர்த்தம். உங்களுக்கும் சாட்சி இருக்காது.

10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வாட்சுக்கு, 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் வசூலிக்க வேண்டும். இது கூடுதல் செலவு இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். 'டிசிஎஸ் இல்லாம தர்றேன்' என்பது சலுகை மாதிரி கேட்கும். ஆனால் அதில் உங்களுக்கு மிச்சமாவது எதுவும் இல்லை.

கடையை விட்டு இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

- பில்லில் கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், மாடல் எண், சீரியல் எண் நான்கும் இருக்கிறதா? சீரியல் எண் வாட்சிலும் கார்டிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா?
- பாக்ஸில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா? பேக் செய்து விற்கும் இறக்குமதிப் பொருளுக்கு 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் இவற்றைக் கேட்கின்றன.
- டீலர் இல்லாத கடை என்றால், 'வரி கட்டி இறக்குமதி செய்யப்பட்டது' என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி எழுதித் தருவார்.
- வாரண்டி யாருடையது, எத்தனை மாதம், எங்கே சர்வீஸ் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.
- 'எஸ்டிமேட்', 'கொட்டேஷன்' என்று தலைப்பிட்ட தாள் பில் இல்லை.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல புகார்கள் கடைக்கு ஒரு போன் போனதுமே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக் கடை மீது பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் போடலாம். குமுளிக்காரர் தேனிக் கடை மீது இடுக்கி மாவட்ட ஆணையத்தில் போடலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழி கடைக்காரர் மீதுதான். தனிநபரிடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வாட்சுக்கு நுகர்வோர் ஆணையம் உதவாது. போலியைக் கொடுத்து ஏமாற்றினால் போலீஸ் புகார், இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றம். இரண்டு வழியிலும் முதல் கேள்வி "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

ஷோரூமில் வாங்குவதா, வெளியில் வாங்குவதா என்பது உங்கள் பட்ஜெட், உங்கள் விருப்பம். ஷோரூமில் கூடுதலாகக் கொடுப்பது கம்பெனி வாரண்டிக்கு. அது வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம், அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பில்லை மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு வாட்ச் மலிவாகக் கிடைத்தால் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வரி கட்டின பில்லோட என்ன விலை?" அவர் சொல்லும் அந்த இரண்டாவது விலைதான் உண்மையான விலை. அதை ஷோரூம் விலையோடு வைத்துப் பார்த்து முடிவு எடுங்கள்.